காரில் எஃப்.எம். டிராபிக் அறிவிப்பு: 2012 முதல் என் அனுபவம்

சென்னை குரோம்பேட்டையில் வீடு, ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ். 2012-இல் கார் வாங்கிய நாளிலிருந்து, காலை எட்டரைக்கு வண்டியை எடுக்கும்போதே எஃப்.எம்.மையும் போட்டுவிடுவேன். பாட்டுக்காக இல்லை, பாட்டுக்கு நடுவே ஆர்.ஜே. சொல்லும் டிராபிக் நிலவரத்துக்காக. கூகுள் மேப்ஸ் கைக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

மேப்பில் சின்னமலை முதல் சைதாப்பேட்டை வரை சிவப்பாகக் கிடக்கும். ஏன் சிவப்பு என்பது பெரும்பாலும் தெரியாது. அது தெரிந்தால்தானே காத்திருப்பதா, சுற்றிப் போவதா என்று முடிவெடுக்க முடியும்? சிக்னல் கூட்டம் என்றால் பத்து நிமிஷத்தில் கரைந்துவிடும். பஸ் பழுதாகி நடுரோட்டில் நின்றுவிட்டால், இழுத்துப்போக வண்டி வரும்வரை நகராது.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆட்டோக்காரர் அனுப்பிய தகவலை ஆர்.ஜே. வாசித்தார்: "சைதாப்பேட்டை கோர்ட் கிட்ட பஸ் பிரேக்டவுன், சிட்டிக்குள்ள போற பக்கம், ஒரு வண்டி போற அளவுதான் வழி." இடம், பக்கம், காரணம் மூன்றும் அந்த ஒரு வரியில் இருந்தன. கிண்டி ஹால்டா சந்திப்பில் பிரிந்து, சர்தார் படேல் சாலை, காந்தி மண்டபம் சாலை, கோட்டூர்புரம் பாலம் என்று போய்ச் சேர்ந்தேன். வழக்கத்தைவிட ஐந்து நிமிஷம்தான் கூடுதல். அண்ணா சாலையிலேயே வந்த நண்பர் பத்தரைக்குத்தான் ஆபீஸுக்குள் நுழைந்தார்.

எல்லா அறிவிப்பும் இப்படி இருப்பதில்லை. "கத்திப்பாராவில் நெரிசல்" என்றால் யாருக்கு என்ன பயன்? ஜி.எஸ்.டி. ரோடு, அண்ணா சாலை, நூறடி ரோடு, பூந்தமல்லி ரோடு நாலும் கூடுகிற இடம் அது. எந்தப் பக்கம் என்று சொல்லாத அறிவிப்பை நான் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நேரம் சொல்லாததும் ஆபத்துதான். ஒருமுறை கிண்டியில் மரம் விழுந்து வழி அடைத்திருப்பதாக ஒரு நிலையத்தில் கேட்டு, பல்லாவரம் ரேடியல் ரோட்டில் திரும்பி வேளச்சேரி வழியாகப் போனேன். ஒரு மணி நேரம் வீண். மரத்தை ஏழு மணிக்கே எடுத்துவிட்டார்களாம்! எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மழை நாட்களில்தான் ரேடியோவின் அருமை தெரியும். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர், அரங்கநாதன் சுரங்கப்பாதை மூடல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் போனில் சிக்னலே இல்லை. ஆபீஸ் வாசலில் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவை வைத்தால், அடையாற்று வெள்ளத்தால் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தை மூடிவிட்டார்கள் என்றார்கள். வண்டியை எடுக்காமல் ஆபீஸிலேயே தங்கினேன். அந்த அறிவிப்பு காதில் விழாமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆனால் தனியார் எஃப்.எம்.முக்காக மத்திய அரசு 2011-இல் கொண்டுவந்த மூன்றாம் கட்ட விதிகளில் போக்குவரத்தையும் வானிலையையும் செய்தியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. அப்புறம் ஏன் பல நிலையங்கள் இரண்டு விளம்பரத்துக்கு நடுவே பத்து வினாடியில் இதை முடித்துவிடுகின்றன? முழுசாக அரை நிமிஷம் கொடுங்கள். தகவல் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் போகிற வண்டிகளுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு, வழியில் ஏதாவது பார்த்தால் ஆபீஸில் வண்டியை நிறுத்தியதும் நிலையத்துக்கு எழுதிப் போடுகிறேன். போன வாரம் அனுப்பியது: "காலை 9.10. நந்தனம் சிக்னல் தாண்டி, தேனாம்பேட்டை போகும் பக்கம், இடது ஓரத்தில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பைக்கில் வருபவர்கள் கவனம்." அடுத்த பாட்டு முடிந்ததும் வாசித்தார்கள்.