நகர்வுகளை அடுக்குவதா, கிளைகளை வெட்டுவதா?

சொந்தமாக செஸ் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள். ஆல்ஃபா-பீட்டா, அதாவது முடிவை மாற்றாத கிளைகளை விட்டுவிட்டுத் தேடும் முறை, சரியாக ஓடுகிறது. ஆனால் ஆழம் ஆறை (இரு பக்கமும் சேர்த்து ஆறு நகர்வுகள் முன்னால் பார்ப்பதை) தொடுவதற்குள் நம் பொறுமை போய்விடுகிறது. அடுத்து எதில் கை வைப்பது? எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மூவ் ஆர்டரிங், அதாவது நல்ல நகர்வுகள் முதலில் வரும்படி அடுக்குவது. மற்றது நல் மூவ் (null move: முறையை ஒருதரம் விட்டுக்கொடுத்தும் நிலை தாங்குகிறதா என்று பார்ப்பது), எல்எம்ஆர் (late move reductions: வரிசையில் கடைசியில் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் தேடுவது) போன்ற உத்திகளால் கிளைகளைத் துணிந்து வெட்டுவது. நான் முதலாவதை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பலகையை 64 பிட் எண்களாக வைக்கும் பிட்போர்டுக்கு மாறலாமே என்பார்கள். அது ஒவ்வொரு நோடையும் (தேடலில் வரும் ஒவ்வொரு நிலையையும்) சீக்கிரம் முடிக்கும், நோடுகளைக் குறைக்காது. அதற்கு அவசரமில்லை.

குறைப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிலைக்கு 35 நகர்வுகள் என்று வைத்தால், ஆறு ஆழத்தில் கடைசி அடுக்கில் மட்டும் கிட்டத்தட்ட 184 கோடி நிலைகள். எல்லா இடத்திலும் சிறந்த நகர்வே முதலில் வந்தால் அதில் 85,749 பார்த்தால் போதும். கணினி அறிவியலாளர்கள் நூத்தும் (Knuth) மூரும் (Moore) 1975இல் அலசிக் காட்டிய கணக்கு இது. அந்த உச்சத்தை யாரும் தொடுவதில்லை. ஆனால் முந்தைய ஆழத்தில் கிடைத்த சிறந்த நகர்வை முதலில் வைத்து, அடுத்து பெரிய காயைச் சின்னக் காயால் வெட்டுவது, அப்புறம் கில்லர் நகர்வுகள் (அதே ஆழத்தில் வேறொரு கிளையை வெட்ட உதவியவை) என்று அடுக்கினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நல் மூவும் வேகம் தருகிறது, மறுக்கவில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது வேகம் அல்ல, சரிபார்ப்பு. வரிசையை எப்படி மாற்றினாலும் அதே ஆழத்தில் அதே மதிப்பெண்தான் வர வேண்டும். ஒருமுறை அடுக்கும் இடத்தில் ஒப்பீட்டுக் குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மதிப்பெண் மாறவில்லை, நோடு எண்ணிக்கை மட்டும் எகிறியது. பக் எங்கே என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே பார்த்த நிலைகளின் முடிவைச் சேமித்து வைக்கும் டிரான்ஸ்பொசிஷன் டேபிள் இருந்தால் மதிப்பெண் கொஞ்சம் நகரலாம். அதனால் சோதிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

நல் மூவில் இந்தப் பிடிமானம் இல்லை, ஏனென்றால் அது பதிலையே மாற்றக்கூடியது. வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7, கறுப்பின் முறை என்று வையுங்கள். நகராமல் இருக்க முடிந்தால் கறுப்புக்கு டிரா. நகர்ந்தே ஆக வேண்டும் என்பதால் தோல்வி. நல் மூவோ, முறையை விட்டுக்கொடுத்தும் கறுப்பு தாங்குகிறதே என்று அந்தக் கிளையை மூடிவிடும். இப்படிப்பட்ட தவறை நோடு எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. பழைய வெர்ஷனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தனி ஆளாக, ஒரே கம்ப்யூட்டரில் எழுதுகிறவருக்கு அது பெரிய பாரம்.

எல்எம்ஆரை நான் இரண்டு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் அது கடைசியில் வரும் நகர்வுகளின் ஆழத்தைத்தான் குறைக்கிறது. வரிசை மோசமாக இருந்தால் நல்ல நகர்வே அங்கே மாட்டிக்கொள்ளும். ஆகவே அந்தப் பக்கம் போகிறவரும் முதலில் அடுக்கித்தான் ஆக வேண்டும். நான் இப்போது நல் மூவைச் சேர்த்திருக்கிறேன். நகர வேண்டியவரிடம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருந்தால் அது ஓடாது.