நாக நச்சும் புடையன் நச்சும்

வன்னியில் அருவி வெட்டுக் காலத்தில், அதாவது நெல் அறுவடையில், வயலுக்குள் இறங்குபவர்களுக்கு நாகம், புடையன் என்ற இரண்டு பாம்புகளின் பயமும் உண்டு. நாகத்தின் நரம்பு நச்சு சிறிய புரதம். மூன்று விரல்களை நீட்டியதுபோல் மடிந்திருக்கும். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் வேதிப்பொருள் அசற்றைல்கோலின்; அதை வாங்கத் தசையிலுள்ள ஏற்பியில் இந்த நச்சு ஒட்டிக்கொள்ளும். எதையும் வெட்டாது, இடத்தைப் பிடித்துவைத்திருக்கும், அவ்வளவுதான். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது, இமை சரியும், மூச்சு தடுமாறும்.

முத்திரைப் புடையனின் (கண்ணாடி விரியன்) நச்சில் நொதிகள் பல. ஒன்று, இரத்தம் உறைய உதவும் புரதமான இரத்த உறைவுக் காரணி 10ஐப் பற்றி, குறித்த இடத்தில் வெட்டித் தூண்டிவிட்டு, அடுத்ததைத் தேடிப் போகும். உறையவைக்கும் பொருள்கள் வீணே தீர்ந்து, இரத்தம் உறையாமல் போகும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் இரத்தத்தை வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பற்றியதை விட்டுவிடுவதால்தான் ஒரே மூலக்கூறு பலவற்றைக் கெடுக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. இலங்கையிலுள்ள முத்திரைப் புடையன் கடித்தாலும் இமை சரிவதுண்டு, ஆகவே இமையை மட்டும் பார்த்து நாகம் என்று முடிவுகட்டக் கூடாது.