கூடம் உண்மையிலேயே கோணல்: பழைய கோல்ஃப் செட் வாங்கி ஏமாந்த கதை

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழிக்குப் பயந்தே நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பந்து வலது பக்கம் போனது. தரையோடு உருண்டது. சில நேரம் மட்டை பந்தைத் தொடாமலே காற்றைச் சீவிக்கொண்டு திரும்பியது. பக்கத்தில் நின்று அடிப்பவர்களிடம் "மட்டை சரியில்லைபோல" என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவார்களே என்ற கூச்சம். கடைசியில் பார்த்தால் கூடம் நிஜமாகவே கோணல்.

கோல்ஃப் பழகும் ஆசையில் குறைந்த விலைக்குப் பழைய செட் தேடிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (கிளப் என்று எழுதினால் ஏதோ சங்கம் என்று தோன்றுகிறது. அதனால் மட்டை என்றே எழுதுகிறேன்.)

எனக்கு விற்றவர் பழைய விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்பவர். பேச்சில் தேன். "நல்லா ஆடின ஒருத்தர் வெச்சிருந்த செட் சார். பதினாலு மட்டை, பையோட. தனித்தனியா வாங்கினா இந்தக் காசுக்குப் பாதிகூடத் தேறாது." எல்லாம் பளபளவென்று இருந்தன. கைப்பிடி ரப்பர் அத்தனையும் புதுசு. தலை கனமாக இருக்கிறதா, தண்டு எப்படி வளையவேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பழகுறவங்களுக்கு இது சரிப்படுமா?" அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் விழுந்தேன். "பழகுறப்ப எதுவா இருந்தா என்ன சார், அடிக்க அடிக்கத் தானா வந்துரும்."

பதினாலு என்ற எண்ணும் என்னை மயக்கியது. விதியில் இருப்பது 14-க்கு மேல் பையில் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான். சிலர் இருபதுக்கு மேல் சுமக்க ஆரம்பித்ததால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இல் போட்ட உச்சவரம்பு அது. பழகுகிறவருக்கு ஆறேழு மட்டை தாராளம். நான் உச்சவரம்பைத் தேவை என்று நினைத்துக் காசைக் கொட்டினேன்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) பயிற்சியாளர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த 7-ஆம் எண் அயர்னை (இரும்புத் தலை மட்டை) வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு 7-ஐ உருவிக் கொடுத்து "அடிங்க தம்பி" என்றார். அதே வீச்சு, அதே தடுமாற்றம். பந்து எழும்பி, நேராகப் போய் விழுந்தது. தற்செயல் என்று நினைத்தேன். இன்னொன்று அடிக்கச் சொன்னார். அதுவும் நேராகப் போனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு கலங்கியது.

பிறகு என் அயர்ன்களை வரிசையாகப் பாயில் படுக்க வைத்தார். அப்போதுதான் எனக்கே கண் திறந்தது. 3 முதல் 6 வரை ஒரு வம்சம், 7 முதல் 9 வரை வேறு வம்சம். ஒரே மாதிரிப் புது ரப்பர் போட்டதில் உடன்பிறப்புகள்போலத் தெரிந்தன, அவ்வளவுதான். முதல் நான்கும் பிளேடு வகை: மெல்லிய தலை, பின்பக்கம் குழிவே கிடையாது, நடுவில் பட்டால் மட்டும் ஒழுங்காகப் போகும். பழகுகிறவருக்கு வேண்டியது பின்பக்கம் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளிய வகை. பந்து கொஞ்சம் விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது.

இதில் எனக்கு வெகுநாள் புரியாத ஒரு மர்மமும் விடுபட்டது. என் 7-ஆம் எண் 6-ஐவிடத் தூரம் போகும். எண் ஏற ஏறத் தூரம் குறையவேண்டும் என்பது பாலபாடம். 6-ஐ நான்தான் தப்பாக அடிக்கிறேன் என்று மணிக்கணக்கில் அதையே அடித்துத் தேய்த்தேன். உண்மை என்னவென்றால், தலையில் பொறித்த எண்ணுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு இல்லை. பழைய பிளேடு 7-இன் முகம் (பந்தில் படும் பக்கம்) 35 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கும். இன்றைய சில 7-களில் அது 30-க்கும் கீழே. அதாவது என் பையிலிருந்த புது 7-இன் முகம் பழைய 6-ஐவிட நிமிர்ந்திருந்தது. இரண்டு குடும்பத்தைக் கலந்து கட்டினால் இப்படித்தான் தம்பி அண்ணனைத் தாண்டுவான்.

அடுத்தது தண்டு. 'எஸ்' என்று எழுதியிருந்த விறைப்பான இரும்புத் தண்டு. வேகமாக வீசுபவர்களுக்கானது. எனக்கு 'ஆர்' என்ற சாதாரண விறைப்பு போதும். போதாக்குறைக்கு யாரோ மேல்பக்கம் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். புது ரப்பர் போட்ட மர்மமும் அதுதான், அறுத்த தடயம் உள்ளே மறைந்துவிடுமே. குட்டையானால் தலை இலேசாகத் தோன்றும், தண்டு இன்னும் விறைக்கும். தண்டு நிமிர்ந்து நிற்கவேண்டி வருவதால் தலையின் மூக்கு (வெளி நுனி) தரையைக் குத்தி, குதிகால் (தண்டு சேரும் பக்கம்) மேலே எழும்பும். வலதுகைக்காரர் அப்படி அடித்தால் பந்து வலப்பக்கம்தான் போகும். பயிற்சியாளர் பந்தின்மேல் அழிக்கும் மார்க்கரால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு, அது மட்டை முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடிக்கச் சொன்னார். முகத்தில் கோடு நேராகப் பதிந்தால் மட்டை நிற்கும் கோணம் நமக்குப் பொருந்துகிறது. என்னுடையதில் சாய்ந்து பதிந்தது. ஒரு மார்க்கர் இருந்தால் இதை யாரும் செய்து பார்க்கலாம்.

வெகுதூரம் அடிக்க எடுக்கும் பெரிய தலை மட்டையான டிரைவர் கதை இதைவிட மோசம். தலை முழுக்க டைட்டானியம் என்று அடித்துச் சொல்லி விற்றது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. என்னுடையதில் மேலே, கீழே, முகத்தில் எங்கே வைத்தாலும் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கலகலவென்று சத்தம். தலையும் தண்டும் சேரும் இடத்திலுள்ள கறுப்பு வளையத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. போலி. இது தனித்தொழிலாகவே நடக்கிறதாம். அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளர்கள் 2004-இல் சேர்ந்து போலிகளைப் பிடிக்கவே ஒரு குழு அமைத்தார்கள் என்றால் பாருங்கள்.

விற்றவரிடம் போனேன். பார்த்ததும் சிரித்த முகம், விஷயத்தைச் சொன்னதும் வேறு முகம். "பழைய பொருள் சார், பார்த்துத்தானே வாங்கினீங்க? நாலு மாசம் அடிச்சுட்டு வந்து சொன்னா எப்படி?" காந்தத்தை எடுத்துக் காட்டினேன். "டிரைவரை நான் செய்யலியே சார்" என்றார். ரசீது கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் வாய்வார்த்தை. அதிலும் நாலு மாசம் என்று அவர் குத்திக்காட்டியதுதான் அதிகம் எரிந்தது. இந்த வியாபாரத்தில் ஏமாற்றுபவருக்கு இருக்கும் பெரிய வசதியே அந்த நாலு மாசம். மிதிவண்டி கோணலாக இருந்தால் ஏறிய அன்றே தெரிந்துவிடும். புதிதாக கோல்ஃப் ஆடுபவன் எப்படியும் தப்பாகத்தான் அடிப்பான், பழியைத் தன் கையின்மேல் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பான்.

பழைய மட்டையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குப் புதுசு வாங்க இப்போதும் வசதி இல்லை. எடையை ஓரத்துக்குத் தள்ளும் யோசனை புதிதும் அல்ல. கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1959-இல் பந்தை உருட்டும் பட்டரில் செய்து காட்டி, பிறகு அயர்ன்களுக்கும் கொண்டுவந்தார். ஆகையால் பத்து வருடப் பழைய குடைந்த அயர்ன் இன்றும் நன்றாகவே உழைக்கும். நான் இரண்டாவது முறை வாங்கியதும் பழசுதான். ஒரு ஹைப்ரிட் (நீண்ட அயர்னுக்குப் பதிலாக எளிதில் அடிக்கும் மட்டை), 7, 9, கிட்டத்திலிருந்து தூக்கி அடிக்க பிட்சிங் வெட்ஜ், மணலுக்கு 56 பாகை வெட்ஜ், ஒரு பட்டர். டிரைவர் இல்லை. பிறகு வாங்கினால் முகச் சாய்வு 10.5 பாகைக்குக் குறையாமல் பார்ப்பேன். போலியில் 8.5 என்று பொறித்திருந்தது, அசலாகவே இருந்திருந்தாலும் என் வீச்சுக்கு அது பந்தைத் தூக்கியிருக்காது.

இந்த முறை காசை எடுக்குமுன் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்க்கக் கேட்டேன். "அதெல்லாம் முடியாது" என்ற இருவரிடம் வாங்கவில்லை. அயர்ன்களைச் சேர்த்து நிறுத்தி உயரம் படிப்படியாக மாறுகிறதா என்று பார்த்தேன். பின்பக்க எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். தண்டிலிருந்த எழுத்துகளை எல்லா மட்டையிலும் படித்தேன். ரப்பர் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அது பரவாயில்லை, சின்னச் செலவில் மாற்றிவிடலாம். தேய்ந்த ரப்பரைப் பார்த்தபோது உண்மையில் நிம்மதியாகவே இருந்தது.

பழைய செட்டில் மணல் வெட்ஜ் ஒன்று மட்டும் உருப்படி. டிரைவர் மொட்டைமாடிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நேற்று ரேஞ்சில் பத்துப் பந்தில் நாலு வலது பக்கம் போனது. மார்க்கர் கோடு போட்டுப் பார்த்தேன், நேராகத்தான் பதிந்திருக்கிறது. அந்த நாலும் நான் அடித்தது.