அமெரிக்க ஆமி பிரஷர் நட்டஈடு அப்பீல்: காசு வாங்காம செஞ்சு குடுக்குற சேர்விஸ் எப்படி? (ஹட்டன்ல இருந்து ரிவியூ)

ஆமின்னா அமெரிக்க ஆமி, நம்ம ஊரு ஆமி இல்ல, மொதல்லயே சொல்லிர்றேன். எங்க சித்தப்பா அங்க போயி ஆமில சேந்து ஈராக் எல்லாம் பாத்துட்டு இப்ப ஹட்டன் பக்கம் வந்து செட்டில் ஆயிட்டாரு. பிரஷர் ஆமி சேர்விஸ்ல இருக்கும்போது வந்ததுன்னா வீஏ, அதாவது அங்கத்த வெட்டரன்ஸ் டிபார்ட்மென்ட், மாசாமாசம் காசு குடுக்கும், வெளிநாட்டுல இருந்தாலும் குடுக்கும். இவருக்கு வந்த லெட்டர்ல பிரஷர் சேர்விஸ்ல வந்ததுதான்னு ஒத்துக்கிட்டு பக்கத்துலயே நோயோட கடுமை 0 பெர்சன்ட்னு போட்டு வச்சிருந்தாங்க. நோய் இருக்கு, சல்லி இல்ல.

அதுக்கு அப்பீல் பண்ணத்தான் இந்த சேர்விஸ்க்கு போனோம். அங்க பழைய ஆமிக்காரங்களுக்குன்னு சங்கங்க இருக்கு, அதுல வீஏ அங்கீகாரம் குடுத்த ஆளுங்க இருப்பாங்க, 21-22ங்குற ஃபோர்ம்ல சைன் வச்சு குடுத்தா நம்ம ஃபைல பாத்து நமக்காக பேசுவாங்க, ஃபீஸ் கெடையாது. என்னோட மார்க் 5க்கு 4.

இதுக்கு முந்தி ஒன்லைன்ல ஒரு கம்பனிக்காரன் சித்தப்பாவ புடிச்சுக்கிட்டான், கட்டாயம் கூட்டித் தர்றேன், கூடுற காசுல பல மாசத்து பங்கு எனக்குன்னு. அப்படி அங்கீகாரம் இல்லாதவன் வீஏ கேஸ் செஞ்சு குடுக்கவே கூடாது, அதான் சட்டம். அங்கீகாரம் உள்ள லோயர் கூட மொத கிளெய்முக்கு காசு கேக்க முடியாது, முடிவு வந்த பிறகு அப்பீலுக்குத்தான் கேக்கலாம், பழைய பாக்கியா மொத்தமா வர்ற காசுல 20 பெர்சன்ட் வரைக்கும் நியாயம்னு எடுத்துக்குவாங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல போனா நியாயமில்லன்னு எடுத்துக்குவாங்க. ஆளு உண்மையா இல்லையான்னு வீஏ வெப்சைட்லயே பேரப் போட்டு பாக்கலாம். நான் பாத்தேன், அந்த கம்பனிக்காரன் பேரு இல்ல. புளொக் பண்ணிட்டேன்.

சரி சேர்விஸுக்கு வருவோம். எனக்கு புடிச்ச விசயம், எங்களுக்கு கெடச்ச சங்கத்து ஆளு மொதல்ல ஃபோர்ம் எதுவும் நிரப்பல, முடிவு லெட்டர வரிவரியா படிச்சாரு. பிரஷருக்கு வீஏ கணக்கு இப்படி: கீழ் நம்பர் பெரும்பாலும் 100 இல்லாட்டி மேல் நம்பர் பெரும்பாலும் 160 இருந்தா 10 பெர்சன்ட், 110 இல்லாட்டி 200 இருந்தா 20, அதுக்கு மேல கீழ் நம்பர மட்டுந்தான் பாப்பாங்க, 120ன்னா 40, 130ன்னா 60. எக்சாம் அன்னைக்கு சித்தப்பாவுக்கு 134க்கு 86, மாத்திர போடுறவருக்கு அப்படித்தானே வரும், அதனால 0. ஆனா அதே சட்டத்துல இன்னொரு வரி இருக்கு, முன்ன கீழ் நம்பர் பெரும்பாலும் 100 இல்லாட்டி அதுக்கு மேல இருந்து இப்ப விடாம மருந்து எடுக்குறவருக்கு கொறஞ்சது 10 குடுக்கணும்னு. வீஏ கிட்ட இருந்த ஃபைல்ல மாத்திர தொடங்குறதுக்கு முந்தின ரீடிங் போதுமா இல்ல, ஓட்டை அங்கதான்னு கண்டுபுடிச்சு சொன்னாரு.

இந்த எடத்துல சித்தப்பா கேட்டாரு பாருங்க, "நாலு நாளைக்கு மருந்த நிப்பாட்டிட்டு போயி அளந்தா என்னடா?" சித்தி அடுப்படில இருந்து கேட்டுட்டு வந்து குடுத்த பேச்சு இருக்கே. அந்த ஆளும் போன்ல நல்லா ஏசுனாரு, அது உயிருக்கும் ஆபத்து கேஸுக்கும் ஆகாதுன்னு. மாத்திர இல்லாட்டி இவ்வளவு ஏறும்னு வாதாடுறதும் செல்லாதாம், பிரஷர் கணக்குலயே மருந்தும் சேந்திருக்குன்னு 2016ல அங்க கோர்ட் தீர்ப்பு இருக்கு.

அப்ப பழைய ரீடிங் எங்க? ஊருக்கு வந்த புதுசுல தல சுத்துதுன்னு டவுண்ல ஒரு டொக்டர்கிட்ட காட்டுனாரு, அந்த சீஆர் கொப்பி அலுமாரில சாமி படத்துக்கு கீழ கெடந்துச்சு. அட்டையில தேத்தண்ணி கறை, உள்ள டொக்டர் எழுத்துல 168க்கு 104, அடுத்த தடவ 160க்கு 102, அதுக்கு கீழ இன்னொரு திகதில கீழ் நம்பர் 102, அதுக்கும் கீழதான் லோசார்டன் 50ங்குற பிரஷர் மாத்திர தொடங்குனது. நம்ம டொக்டர்மார் இங்கிலீஷ்லயே எழுதுறது நல்லதாப் போச்சு, மொழிபெயர்ப்பு செலவு இல்ல. ஒரு பக்கம் மட்டும் அனுப்பாதீங்க, "பெரும்பாலும்"னு காட்டணும், எல்லா பக்கமும் வேணும்னு சங்கத்து ஆளு சொன்னாரு. டொக்டரும் எந்த திகதில என்ன ரீடிங், எப்ப மருந்து தொடங்குனது, இன்னும் போடுறாருன்னு ஒரு லெட்டர் குடுத்தாரு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொமியுனிகேஷன் கடை தங்கச்சி பக்கம் பக்கமா நேரா வச்சு ஸ்கேன் பண்ணி குடுத்துச்சு, அதுக்கும் ஒரு 5 ஸ்டார்.

அப்பீலுக்கு மூணு வழி இருக்கு, 2019 பெப்ரவரில இருந்து. புது ஆதாரம் இருந்தா சப்ளிமென்டல் கிளெய்ம், ஃபோர்ம் 20-0995. புதுசா ஒன்னும் இல்ல அவங்க பாத்ததே பிழைன்னா ஹையர் லெவல் ரிவியூ, 20-0996. ஜட்ஜ்தான் பாக்கணும்னா போர்ட், 10182. நாங்களா செஞ்சிருந்தா பேரு பெருசா இருக்கேன்னு ஹையர் லெவலுக்கு போயிருப்போம், அங்க புது ஆதாரத்த பாக்கவே மாட்டாங்க, கொப்பி வீணாப் போயிருக்கும். இவரு சப்ளிமென்டல்ல போட்டாரு. லெட்டர் திகதில இருந்து ஒரு வருசத்துக்குள்ள போட்டதால மொத கிளெய்ம் போட்ட திகதிக்கே காசு பின்னோக்கி வந்துச்சு. 10 பெர்சன்ட்னா 2025 கணக்குக்கு மாசம் 175.51 டொலர். நம்ம ஊர்ல அது சும்மா காசு இல்ல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, ஈமெயிலுக்கு பதில் வர்றதுக்குள்ள மனுசனுக்கே பிரஷர் ஏறும். அவங்க பின்னேரம் 3 மணிக்கு கோல் எடுத்தா நமக்கு நடுச்சாமம் பன்னெண்டரை, மழை நாள்னா தோட்டத்துல சிக்னலும் இல்ல, நேரத்த மொதல்லயே பேசி வச்சுக்கோங்க. ஃபைல் எந்த கட்டத்துல இருக்குன்னு அவங்களா சொல்றதும் இல்ல, நாமதான் வெப்சைட்ல போயி பாக்கணும்.

வியட்நாம் காலத்து ஆளுங்க யாரும் இருந்தா வேற கதை, ஏஜென்ட் ஒரேஞ்ச்ங்குற செடிகொல்லி மருந்து பட்டவங்களுக்கு 2022 பேக்ட் சட்டத்துல பிரஷரையும் சேத்துட்டாங்க, சேர்விஸ்ல வந்ததுன்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்ல. ஈராக் ஆப்கானிஸ்தான்ல குப்பை எரிச்ச புகை பட்ட கணக்குல பிரஷர் அப்படி தானா வராது, சித்தப்பா மாதிரி பேப்பர் காட்டித்தான் எடுக்கணும்.

இன்னொன்னு, 0 பெர்சன்ட் வந்தவங்களும் லெட்டர தூக்கிப் போட்டுறாதீங்க. வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு ஃபொரின் மெடிக்கல் புரோகிராம்னு ஒன்னு இருக்கு, சேர்விஸ் நோய்னு ஒத்துக்கிட்டாலே அதுக்கான மருந்து செலவுக்கு கேக்கலாம். பாமசி பில் எல்லாத்தையும் சித்தி இப்ப பிஸ்கட் டின்னுல போட்டு வைக்கிறாங்க, அத அனுப்பிட்டு அந்த புரோகிராமுக்கும் தனியா ரிவியூ போடுறேன்.