மினி பிரிட்ஜுக்குள் 18 டிகிரி: இங்க்பேர்ட் ஐடிசி-308

டெக்சாஸ் வெயிலில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு என் தொந்தரவு தெரிந்திருக்கும். எங்கள் வீடு டாலஸுக்கு வடக்கே. நாள் முழுக்க ஏசி ஓடினாலும் அலமாரி அறைக்குள் 24 டிகிரி. கராஜைப் பற்றிப் பேசவே வேண்டாம். போன ஜூலையில் அந்த அலமாரி அறையில் புளிக்கவிட்ட 19 லிட்டர் பேல் ஏல் வகை பீரில் வாழைப்பழ வாசனையும், அதன் பின்னால் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு நெடியும் வந்தது. மொத்தத்தையும் கொட்டினேன். மனசு ஆறவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானும் சூட்டைக் கிளப்பும். முதல் மூன்று நாளில் பக்கெட்டுக்குள் இருக்கும் திரவம் அறையைவிட 3, 4 டிகிரி கூடுதலாகவே நிற்கும். அறை 24 என்றால் ஈஸ்ட் இருப்பது 28-ல். அந்த நெடிக்குக் காரணம் அந்தச் சூடுதான்.

அதற்காக வாங்கியதுதான் இங்க்பேர்ட் ஐடிசி-308 என்ற வெப்பநிலை கன்ட்ரோலர். 35 டாலர் கொடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. ஒரு வயர் சுவர் பிளக்குக்குப் போகிறது. இன்னொன்றின் முனையில் இரண்டு சாக்கெட், குளிர வைக்க ஒன்று, சூடாக்க ஒன்று. மூன்றாவது மெல்லிய வயரின் நுனியில் சென்சார். வயரை வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது. பீர் பக்கெட்டை வைக்கும் பிரிட்ஜைக் குளிர் சாக்கெட்டில் செருகி, பிரிட்ஜின் சொந்தத் திருகை முழுக் குளிருக்குத் திருப்பிவிட்டால் சரி. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அப்புறம் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

வேலை வாங்கியது பிரிட்ஜ்தான். 4.4 கன அடி, பழையது, 60 டாலர். பழசு வாங்குகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். கம்ப்ரஸர் உள்ளதாக இருக்க வேண்டும்; கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகைச் சின்னப் பெட்டிகளுக்கு டெக்சாஸ் கராஜ் சூட்டைத் தாங்கிக் குளிர்விக்கும் தெம்பு இல்லை. கையால் திருகும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். டிஜிட்டல் பட்டன் பிரிட்ஜ்களில் சில, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காது.

கதவின் உள்பக்கத் தட்டுகள் பக்கெட்டை இடித்தன. கதவோரத்து ரப்பர் பட்டையை (கேஸ்கெட்) தூக்கினால் அடியில் திருகுகள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கழற்றி, தட்டோடு சேர்ந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுத் தட்டையான ஒரு ஷீட்டை வைத்து மூடினேன்.

சென்சார் வயருக்குப் பக்கச் சுவரில் ஓட்டை போடலாமா என்று ஒரு யோசனை. சோள மாவை ரப்பிங் ஆல்கஹாலில் கரைத்து, சுவரின் வெளிப்பக்கம் மெல்லிசாகப் பூசி, பிரிட்ஜை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஈரப் பூச்சின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து எழுந்தது. மேலே போய், வளைந்து, மறுபடி கீழே இறங்கியது. சூடான குழாய் ஓடும் தடம் அதுதான். என் பிரிட்ஜில் ஓடுவது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. டிரில்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வயரைக் கேஸ்கெட் வழியாகவே நுழைத்தேன். கதவு நன்றாகத்தான் மூடுகிறது.

கன்ட்ரோலரில் நான் வைத்திருப்பது: டிஎஸ் 18, சிடி 0.5, பிடி 5. அதாவது 18.5 தாண்டினால் பிரிட்ஜ் ஓடும், 18-ல் நிற்கும், நின்ற பிறகு 5 நிமிடம் மறுபடி தொடங்காது. அந்த 5 நிமிடம் மிக முக்கியம். உள்ளே வாயுவின் அழுத்தம் சமனாவதற்குள் தொடங்கினால் கம்ப்ரஸர் திணறும்.

சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் தடவை அதைக் காற்றில் தொங்கவிட்டேன். பெட்டி 18 காட்டியது. பீரை அளந்து பார்த்தால் 22. இப்போது பக்கெட்டின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே குமிழ் பிளாஸ்டிக்கை இரண்டு மடிப்பாக வைத்து டேப் சுற்றுகிறேன். காற்றின் குளிர் படாமல், பீரின் சூட்டை அப்படியே சொல்கிறது.

அதே ரெசிபி, அதே யுஎஸ்-05 ஈஸ்ட். 18-ல் தொடங்கி, ஐந்தாம் நாள் 20-க்கு ஏற்றி, 14 நாள் விட்டேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் பீருக்கு மணமும் கசப்பும் தரும் கேஸ்கேட் ஹாப்ஸ் பூவின் கிரேப்ஃப்ரூட் மணம், அதன் பின்னால் மால்ட், அதாவது முளைகட்டிய தானியத்தின் வாசனை. வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்த மாடலில் வைஃபை இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வைஃபை உள்ளதைத் தனியாக வாங்க வேண்டும். மூடிய பிரிட்ஜுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் தேவை. உள்ளே ஒரே ஒரு பக்கெட்தான் கொள்ளும். ஒரு பக்கெட் 19 லிட்டர், அதாவது 5 கேலன்; இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விடாமல் காய்ச்சினாலும் ஆண்டுக்கு 130 கேலன். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பது 200. எங்களுக்கு ஒரு பக்கெட் தாராளம்.

டிசம்பரில் அம்மா வந்திருந்தார். குளிரில் இட்லி மாவு பொங்கவே இல்லை. "அந்தப் பெட்டி சும்மாதானடா நிக்குது, மாவை உள்ள வையேன்" என்றார். சூடு சாக்கெட்டில், பல்லிக் கூண்டுக்கு விற்கும் 25 வாட் ஹீட் மேட்டைச் செருகி 30 டிகிரி வைத்தேன். காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது மாவு. அவர் ஊருக்குப் போகும் வரை பிரிட்ஜ் பீருக்குக் கிடைக்கவில்லை.