சிட்ரோன் 2சிவியா, ரெனோ 4-ஆ? துருவைக் கேளுங்கள்

கோடைக்கால ஞாயிறுகளில் பிரான்சின் கிராமத்துச் சாலைகளில் போகிறவர்களுக்கு இன்றும் அந்தக் காட்சி கிடைக்கிறது. துணிக் கூரையைச் சுருட்டிவிட்டு, துருத்திய முகப்பு விளக்குகளுடன், வளைவில் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து ஒரு சிட்ரோன் 2சிவி என்ற பழைய பிரெஞ்சுக் கார் வரும். எதிரே வருகிறவர்கள் கையசைப்பார்கள். அதற்குப் பின்னாலேயே ஒரு ரெனோ 4 வந்தால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் சாலையில் பார்த்து ஆசைப்பட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இறங்குகிறவர்களுக்கு முன்னால் நிற்பவை இந்த இரண்டும்தான். நான் 2சிவி பக்கம் போனவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரலாறு பலருக்கும் தெரிந்ததே. இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் போகவேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது என்று சிட்ரோனின் தலைவர் பியேர் பூலான்ஜே கேட்டார். போர் குறுக்கிட்டதால் 1948 பாரிஸ் கண்காட்சியில்தான் வண்டி வெளியே வந்தது. அப்போது 375 சிசி, 9 குதிரைத்திறன். அதற்குப் போட்டியாக, பியேர் திரேஃபுஸ் தலைமையில் இருந்த ரெனோ நிறுவனம் 1961-இல் கொண்டுவந்தது ரெனோ 4. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கத்ரெல் என்பார்கள்.

தாளில் எழுதிப் பார்த்தால் கத்ரெல்தான் வெல்லும். தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், பின்னால் மேலே திறக்கும் பெரிய கதவு, அடிக்கடி தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய குளிர்விப்பு அமைப்பு, கிரீஸ் அடிக்க வேண்டிய இடமே இல்லாத அடிப்பாகம். 2சிவியின் குறைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தது போன்ற வண்டி. 1978-இல் வந்த ஜிடிஎல் வகைக்கு 1108 சிசி இன்ஜின். ஏற்றத்தில் 2சிவி மூச்சுவாங்கும் இடத்தில் அது நிம்மதியாக ஏறிப் போகும். ஒரு விசித்திரமும் உண்டு. பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வைத்ததால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல. 48 மில்லிமீட்டர் வித்தியாசம். அப்படியே 80 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். 2சிவி காரின் எண்ணிக்கை அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

பிறகு ஏன் 2சிவி? துருதான் காரணம். இந்த வயதில் இந்த வண்டிகளுக்கு இன்ஜின் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டின் இன்ஜினும் கெட்டி, பாகங்களும் கிடைக்கின்றன. வண்டியைக் கொல்வது அடித்தகடு.

2சிவியின் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், மெல்லிய தகடுகளை மேலும் கீழும் வைத்து மூடிய தட்டையான பெட்டி. ஈரமும் சேறும் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். மேலே பளபளவென்று வண்ணம் பூசிய வண்டி அடியில் பிஸ்கட்டாக நொறுங்கலாம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே உள்ள கோடு மேலே ஒரு அகலமும் கீழே வேறு அகலமுமாக இருந்தால் சேசிஸ் தொங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடியில் படுத்து, தகடு சேரும் விளிம்புகள் ஓரமாக ஒரு ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அழுத்துங்கள்.

இது 2சிவிக்கு எதிரான வாதம் போலத் தோன்றும். அப்படியில்லை. அந்தச் சேசிஸ் தனி. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒயரிங்கையும் ஸ்டியரிங்கையும் பெடல் இணைப்புகளையும் கழற்றிவிட்டால் நான்கு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். துத்தநாகம் பூசிய புதிய சேசிஸ் பிரான்சிலேயே விற்பனைக்குக் கிடைக்கிறது. நான் வாங்கியது சேசிஸ் போன வண்டி. அது தெரிந்தேதான், அதற்கான விலைக்குத்தான் வாங்கினேன். நண்பர்களோடு ஒரு கொட்டகையில் வைத்துப் பாடியைத் தூக்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சக்கரங்களைத் தாங்கும் கைகளையும் புதிய சேசிஸுக்கு மாற்றினோம். வெல்டிங் தேவைப்பட்டது தரைத் தகட்டிலும் கதவடி ஓரங்களிலும் மட்டும். இப்போது அடிப்பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிட உறுதியாக இருக்கிறது. 2சிவியைப் பொறுத்தவரை மிகப் பெரிய நோய்க்கு முழுமையான மருந்து இருக்கிறது. பொறுமையுள்ள கத்துக்குட்டியும் அதைக் கொடுக்கலாம்.

கத்ரெல்லின் பாடியும் ஒரு தளத்தின்மேல் போல்ட்டில் நிற்பதுதான். ஆனால் அந்தத் தளம் தரை, நீளத் தாங்கிகள், முறுக்குத் தண்டுப் பிடிமானங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய துண்டு. வலிமையில் ஒரு பங்கை மேலே இருக்கும் பாடியும் தருகிறது. எனவே துரு பிடித்தால் வெட்டி, புதுத் தகடு வைத்து, அளவு தவறாமல் ஒட்டவேண்டும். அது தேர்ந்த டிங்கரிங் ஆள் செய்யும் வேலை, செலவும் அதற்கேற்றபடி. இந்தப் பக்கம் என் அனுபவம் நண்பர் ஒருவரின் ஜிடிஎல்லுக்குக் கூடமாட உதவி செய்த அளவுக்குத்தான். ஒரே வண்டியை வைத்து எல்லா கத்ரெல்லுக்கும் தீர்ப்பெழுத மாட்டேன். நல்ல கொட்டகையில் காய்ந்தே இருந்த ஒன்று அமைந்தால் கதை வேறாக இருக்கலாம்.

பராமரிப்பில் 2சிவிக்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, சிலிண்டர் தலைக்கடியில் கேஸ்கெட்கூட இல்லை. உலோகத்தின் மேல் உலோகம் நேராக உட்காருகிறது. பதிலுக்கு, முன் சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு அடிக்கடி கிரீஸ் கொடுக்கவேண்டும். மறந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். தீப்பொறியின் நேரத்தை முடிவுசெய்யும் இக்னிஷன் பாயிண்ட் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒரு தொல்லை. மின்னணு இக்னிஷன் போட்டுவிட்டால் அதுவும் தீர்ந்தது. மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: 1981-க்குப் பிறகு வந்த, முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள 2சிவிகளின் பிரேக்குக்குப் பச்சை நிற எல்எச்எம் கனிம எண்ணெய்தான் ஊற்றவேண்டும். பழகாத மெக்கானிக் யாராவது சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் அமைப்பு முழுவதையும் மாற்றவேண்டி வரும். வாங்கும் முன் பிரேக் எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள்.

விலையில் 2சிவி கணிசமாக அதிகம். விற்கும்போதும் அந்தப் பணம் அப்படியே திரும்புகிறது. சேசிஸ் மாற்றிய வண்டிக்கு அந்தக் காரணத்துக்காகவே கூடுதல் விலை கேட்கலாம். ஆனால் சேசிஸில் பொறித்த எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். புதிய சேசிஸில் எண் பொறித்ததற்கு எழுத்தில் சான்று இருக்கவேண்டும். பிரான்சில் 30 வயது தாண்டிய வண்டியைச் சேகரிப்பு வாகனமாகப் பதிந்தால் தொழில்நுட்பப் பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாகும். இது இரண்டுக்கும் பொது.

ஓட்டும் சுகத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் பக்கவாட்டு ஸ்பிரிங் குழாயால் இணைந்திருப்பதால், கல் பாவிய தெருவில் 2சிவி மிதந்து போகிறது. கத்ரெல்லும் மென்மைதான், ஆனால் இந்த மிதப்பு அதில் இல்லை. நெடுஞ்சாலையில் தினமும் போக வேண்டியவர்களுக்கும், நாற்காலி மேசை ஏற்றுகிறவர்களுக்கும் ஜிடிஎல்லையே சொல்வேன். 1997 முதல் மாணவர்கள் மொராக்கோ பாலைவனத்துக்குக் கத்ரெல் ஓட்டிப் போகும் 4எல் டிராஃபி நடந்து வருவதால், அதன் இயந்திர பாகங்களுக்குத் தேவை குறையவில்லை. அப்படி வாங்கினால் பின் முறுக்குத் தண்டுகள் பிடித்திருக்கும் இடத்தையும், முன்பக்க நீளத் தாங்கிகளையும் முதலில் பாருங்கள். அங்கே தகட்டின் மேல் தகடு வைத்து ஒட்டிய தடம் இருந்தால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் வேறு வண்டி தேடுங்கள்.