அந்த நாளா, புதிய பறவையா?

திருவிழாவுக்குக் காரைக்குடியில் சொந்தபந்தம் கூடும்போது, இரவு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வேட்டியைத் திரையாகக் கட்டிப் பழைய குற்றப்படம் ஒன்று போடலாம் என்றால் என் பட்டியலில் இரண்டுதான். இரண்டிலும் சிவாஜி. இரண்டிலும் நம்மூர் வாசமும் உண்டு: 'அந்த நாள்' (1954) காரைக்குடிக்காரரான ஏவி.மெய்யப்பனின் தயாரிப்பு, 'புதிய பறவை'க்கு (1964) பாட்டெழுதியவர் சிறுகூடல்பட்டி கண்ணதாசன்.

புதிய பறவை வண்ணப்படம். கப்பல், பங்களா, சரோஜாதேவி, எம்.ஆர்.ராதா என்று கண்ணுக்கு நிறைவு. சௌகார் ஜானகி பாடும் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' வெறும் பாட்டல்ல, கதையின் முடிச்சே அதில் இருக்கிறது. ஆச்சிமார் கடைசிவரை எழுந்திருக்க மாட்டார்கள்.

'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில் எப்பேர்ப்பட்ட துணிச்சல்! இயக்கியவரோ வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுக் கிடக்கிறான். சாட்சி சொல்லும் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ஒவ்வொரு வாயிலும் வேறொரு ராஜன். நாயகன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சிவாஜிக்கு இதில் இல்லை, பின்னி எடுக்கிறார். பண்டரிபாயும் சளைத்தவரில்லை. நிழலும் வெளிச்சமும் பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

புதிய பறவையில் உணர்ச்சி கொஞ்சம் தூக்கல்தான். என் ஓட்டு அந்த நாளுக்கு. பாட்டு இல்லையே என்று முணுமுணுப்பவர்களுக்கு நடுவில் ஒருமுறை சீயமும் காப்பியும் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.